கூடாரம் அவருக்கு, புரொஜெக்டர் எனக்கு

ஜூலை 11

நேற்று ஈரோடு குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுத்தாயிற்று. பரஸ்பர சம்மத விவாகரத்து. ஆறு மாதம் நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஜனவரி இருபத்து நான்காம் தேதிக்குப் போட்டிருக்கிறார்கள். யோசிக்காமலா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்க வாயெடுத்தேன். வக்கீல் ரங்கநாயகி மேடம் என் முழங்கையைக் கிள்ளிவிட்டார்.

இந்த டைரி அக்காவின் உபயம். உரக்கடையில் கொடுத்தது, பாதி வருஷமாகக் காலியாகக் கிடந்தது. நான் ஒரு வருஷத்துக்கு மேலாக அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். "எங்கிட்டப் பேசறதுல பாதியை இதுல எழுது, என் காது கொஞ்சம் பொழைச்சுக்கும்" என்று கையில் திணித்தாள்.

வக்கீல் மேடம் சொன்னார், இந்த மாதிரி வழக்கில் வாதி, பிரதிவாதி எல்லாம் கிடையாதாம். இரண்டு பேருமே மனுதாரர்கள். நான் முதல் மனுதாரர், கோகிலவாணி. என் கணவர் மோகனசுந்தரம் இரண்டாம் மனுதாரர். இந்த டைரியில் பெயர் சொல்லி எழுதுவதாக இல்லை, 'அவர்' என்றும் எழுதுவதாக இல்லை. சுருக்கமாக இ.ம. போதும்.

இ.ம.வும் நானும் சேர்ந்து நடத்துவது ஊர் ஊராகப் போகும் கோளரங்கம். காற்றடைத்த துணிக் கூடாரம். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. பள்ளிக்கூட ஹாலில் விரித்து ஃபேனைப் போட்டால் பெரிய இட்லி மாதிரி உப்பி எழுந்து நிற்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போவார்கள். நான் உள்ளே புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைக் காட்டிப் பேசுவேன். இ.ம. வெளியே ஃபேனைக் காவல் காப்பார். ஃபேன் நின்றால் வானம் பிள்ளைகளின் தலையில் இறங்கிவிடும்.

மனுவில் சொத்துப் பிரிவினையும் இருக்கிறது. கூடாரமும் ஃபேனும் அவருக்கு, புரொஜெக்டர் எனக்கு. "தனித்தனியா இதெல்லாம் ஓடுமா?" என்று மேடம் கேட்டார். "ஓடும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

ஜனவரி வரைக்கும் பள்ளிகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால் ஷோ நிற்காது. அதற்குள் நான் ஃபேன் வேலையைப் பழக வேண்டும், இ.ம. பேசப் பழக வேண்டும் என்று ஏற்பாடு.

(மேலே 'அவருக்கு' என்று எழுதியிருக்கிறேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும். நாளையிலிருந்து சரியாக எழுதுகிறேன்.)

ஜூலை 14

கோபிச்செட்டிபாளையம். மூன்று ஷோ. காலையிலிருந்து மாலை வரை இ.ம. என்னிடம் பேசியது: "வயர்." "தள்ளு." "சாப்டியா?" மூன்றாவதற்கு நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் ஷோவின் பெயர் 'வெடித்த விண்மீன்கள்'. சூரியனைவிடப் பல மடங்கு பெருத்த விண்மீன்களுக்கு நல்ல சாவு கிடையாது. உள்ளே எரிபொருள் தீர்ந்ததும் நடுப்பகுதி கண் மூடித் திறப்பதற்குள் இடிந்து விழும். மேலே இருப்பதெல்லாம் வெடித்துச் சிதறும். ஷோவில் வெடிப்பு அரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் வெடித்த பிறகு மிச்சம் நிற்கும் ஒளிமேகங்களைப் பற்றி. அன்னத் தொகுதியில் ஒன்று இருக்கிறது, சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சல்லாத்துணியை உதறிப் போட்ட மாதிரி. அது கூடாரம் முழுக்க விரியும்போது எந்தப் பள்ளியிலும் சத்தம் அடங்கிவிடும். நான் குரலைத் தழைத்து, "பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நெருப்பு அணையவில்லை, இன்னும் கனன்றுகொண்டே இருக்கிறது" என்பேன். டீச்சர்களில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

இ.ம.வுக்கு இந்த வரியில்தான் ஆட்சேபம். போன வருஷம் பவானியில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் எனக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். "அது தப்புங்க. அங்க எதுவும் எரியலீங்க" என்று இ.ம. நடுவில் புகுந்தார். சால்வை தோளுக்கு வராமல் பாதியில் நின்றது. திரும்பி வரும்போது வேனில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு விஷயத்தின் கனம் அதிலேயே புரிந்துவிடும். மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதற்காகவா என்று கேட்கிறார்கள். இதற்காக மட்டும் இல்லை. பதினோரு வருஷம் ஒருத்தர் பேசிக்கொண்டும் ஒருத்தர் பேசாமலும் ஒரே வேனில் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஜூலை 27

மொடக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளி. புதுக் கட்டடம் திறந்து இன்றுதான் முதல் நிகழ்ச்சி. தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, "தப்பா நினைக்காதீங்க, புதுக் கட்டடம் பாருங்க, சாவு, அழிவு, வெடிப்பு இதெல்லாம் வராமச் சொல்லிருங்க" என்றார்.

வெடித்த விண்மீன்களைப் பற்றிய ஷோவில் சாவும் வேண்டாம், அழிவும் வேண்டாம், வெடிப்பும் வேண்டாம். சரி என்று உள்ளே போய்விட்டேன். விண்மீனுக்கு வயதாகிவிட்டது என்றேன். இனி தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்து, சேர்த்து வைத்த இரும்பு, சுண்ணாம்பு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊருக்கு வாரிக் கொடுத்துவிட்டது என்றேன். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்புகூட அப்படி வந்ததுதான் என்றேன். தலைமையாசிரியர் இருட்டிலேயே கை தட்டினார்.

வெளியே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஃபேன் பக்கமிருந்து வந்தது. ஃபேன் சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஃபேன் மூக்கால் சிரிக்காது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஊரெல்லாம் ஆற்றுக்குப் போயிருக்கிறது. நானும் அக்காவும் மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்து ஈரத்துணியால் துடைத்தோம். உள்பக்கமெல்லாம் பிள்ளைகளின் கை அச்சு. "இதுதான் அவருக்குப் போகுதல்ல, நீ எதுக்குத் தொடைக்கற?" என்றாள் அக்கா. என் புரொஜெக்டரின் படம் இதில்தானே விழுகிறது என்றேன். அக்கா துணியைப் பிழிந்தாள்.

ஆகஸ்ட் 21

இன்றுதான் முதல் ஒத்திகை. கடைசி ஷோவில் மட்டும் நான் ஃபேனுக்கு, இ.ம. மைக்குக்கு.

இ.ம. பேசியதை அப்படியே எழுதுகிறேன், அதிக இடம் பிடிக்காது. "இது வானம். இதெல்லாம் விண்மீன். இது வெடிச்சுது. இது வெடிச்ச மிச்சம்." அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "கேள்வி இருந்தாக் கேளுங்க." உள்ளேயிருந்து ஒரு குழந்தை கேட்டது: "டீச்சர் எப்ப வருவாங்க சார்?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கிருந்தோ பறந்து வந்த பிளாஸ்டிக் பை ஃபேன் வாயில் ஒட்டிக்கொண்டது. எதைப் பிடுங்குவது, எதை அணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கூடாரம் மெல்லத் தொய்ந்து, அன்னத் தொகுதியோடு சேர்ந்து எல்லார் தலையிலும் இறங்கியது. பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். அதுதான் ஷோவிலேயே நல்ல கட்டம் என்று அவர்களின் டீச்சர் சொன்னார்.

வேனில் இ.ம. "பை வந்தா மொதல்ல சுவிட்சை அணைக்கோணும்" என்றார். "பேச வந்தா மொதல்ல வாயைத் தொறக்கோணும்" என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோம். அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 10

ஞாயிற்றுக்கிழமை. இ.ம. போன் செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார்.

நான் சொன்னேன். முதலில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றில் தொடங்க வேண்டும், புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்கக் கூடாது, இருட்டில் யாராவது அழுதால் பெயரைக் கேட்டுக் கூப்பிட வேண்டும். சொல்லிக்கொண்டே போனதில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் அவ்வப்போது "ம்" என்றார். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. குறித்துக்கொள்கிறார் போல.

நான் பேச, அவர் கேட்க. இதைத்தான் மனுவில் 'ஒத்துப்போக இயலாத குணங்கள்' என்று போட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 22

காலாண்டுத் தேர்வு. ஒரு வாரமாக ஷோ இல்லை. யாரோடும் சண்டை போடவில்லை. உடம்புக்கு என்னவோ போலிருக்கிறது.

அக்டோபர் 12

அந்தியூர். ஏழாம் வகுப்பு. மறுபடியும் நான் வெளியே.

இத்தனை வருஷத்தில் ஒழுங்காக வெளியே உட்கார்ந்து உள்ளே நடப்பதைக் கேட்டதே இல்லை. துணி வழியாக எல்லாம் கேட்கிறது. பிள்ளைகள் மூச்சு விடுவதுகூட. நான் பேசும்போது அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா என்று இன்றுதான் தோன்றியது.

சல்லாத்துணி மேகம் வந்திருக்க வேண்டும். உள்ளே சத்தம் அடங்கியது. ஒரு பெண் குழந்தை கேட்டாள், "ஏனுங்க சார், இது இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்குதுங்களா?"

"எரியல கண்ணு. வாய்க்கால்ல தண்ணி தொறந்து உடறப்பப் பாத்திருக்கறயா? மொதத் தண்ணி எப்படி வரும்? சருகு, தூசியெல்லாம் முன்னால தள்ளிக்கிட்டு நுரையா வருமில்ல? அந்த மாதிரித்தான். அன்னைக்கு வெடிச்சுக் கெளம்புனது இன்னும் போயிட்டே இருக்குது. வழியில இருக்கற வாயுவைப் போயி மோதுது. மோதற எடத்துல சூடாகுது, வெளிச்சம் வருது. நீ பாக்கறது அந்த நுரையை."

குழந்தை விடவில்லை. "வழியில மோதறதுக்கு ஒண்ணுமே இல்லீனா?"

உள்ளே அவர் யோசிப்பது எனக்கு வெளியே தெரிந்தது.

"ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். மங்கி மங்கி இருட்டாயிரும். மோதறதுக்கு ஏதாச்சும் இருந்தாத்தான் சாமி வெளிச்சம்."

என்னிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை. அல்லது நான் வெளியே உட்கார்ந்ததே இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்தேன். அதில் பாதி தப்பு ஜோடி, பிள்ளைகள் வெளியே வந்து அடித்துக்கொண்டார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சத்தம் பத்தல" என்றேன்.

இ.ம. என்று எழுத வேண்டும். இன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறேன்.

நவம்பர் 12

தீபாவளி. காலையில் அவரிடமிருந்து வாட்ஸப் வந்தது. 'ஃபேன் பேரிங் மாத்திட்டேன். சத்தம் குறைஞ்சிருக்கு. நீ பேசறது இனி வெளிய நல்லாக் கேக்கும்.' பேரிங் பற்றிய தகவல்தான். நாலைந்து தடவை படித்தேன், பேரிங்கில் எனக்கு அனுபவம் போதாது என்பதால்.

டிசம்பர் 6

சேலத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். பெயர் நிவேதினி. கோயில் திருவிழாக்களில் மேடை அறிவிப்பாளர். ஜனவரிக்குப் பிறகு இ.ம.வின் கூடாரத்தில் பேச ஆள் வேண்டுமே, அதற்கு ஒத்திகை பார்க்க வந்தார். எனக்கு இதில் ஒன்றுமில்லை.

மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவை. பள்ளிக்கூட ஹாலில் தவழ்ந்து போவதற்குப் பட்டுப் புடவை. தலையில் முழம் பூ. கூடாரத்துக்குள் ஐம்பது பிள்ளைகளின் காலுறை வாசத்தோடு மல்லிகை வாசமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிலருக்குத் தெரிவதில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 'பேரன்பு கொண்ட பிள்ளைகளே' என்று தொடங்கி, வெடித்த மேகத்தை 'மகா ஜோதி' என்றார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தி, நிதானமாக மூச்சு விட்டார்.

முடிந்ததும் இ.ம. அந்த அம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்காமல் இருந்த பிறகு அவராகவே சொன்னார்: "வரிக்கு வரி எடம் உட்டுப் பேசறாங்க. அந்த எடத்துல பசங்க பூந்துக்கறாங்க. நீ பேசுனா எவனுக்கும் எடமே கெடைக்காது."

திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று வீடு வரும் வரை யோசித்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 5

அந்தியூரில் கேட்டதிலிருந்தே என் வரியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். சரி என்று ஆனால் சால்வைக்கு என்ன பதில்? ஆனாலும் மாற்றிவிட்டேன். இன்று சென்னிமலைப் பள்ளியில், சல்லாத்துணி மேகத்தைக் காட்டி, "இங்கே எதுவும் எரியவில்லை, மோதுகிறது, மோதுவதால்தான் மிளிர்கிறது" என்றேன். அடுத்து நண்டு ஒளிமேகம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பகலிலேயே தெரிந்த வெடிப்பின் மிச்சம் அது. அதற்கும் அதையே சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

மாலை வரை காத்திருந்தார். கூடாரத்தை மடித்து வேனில் ஏற்றி, ஆசிரியர்கள் எல்லாரும் போன பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நண்டுக்கு அது பொருந்தாது கோகிலா."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்த டைரி போதாது. ஒரு மனுஷி மலையிலிருந்து இறங்கி வந்து அடிவாரத்தில் நிற்கிறாள், இன்னும் ரெண்டு படி இருக்குது என்கிறார்.

"நண்டுக்கு நடுவுல ஒரு குட்டி விண்மீன் மிச்சம் இருக்குது. நொடிக்கு முப்பது சுத்து சுத்துது. அதுதான் மேகம் முழுசுக்கும் வெளிச்சம் குடுக்குது. ஓயவே ஓயாது."

"யாரைச் சொல்றீங்க?"

"விண்மீனைத்தான் சொல்றேன்." கொஞ்சம் பொறுத்து, "அது ஓயாம இருக்கறதாலதான் அந்த மேகமே கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கி வேன் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு இரண்டு தடவை சாத்தினால்தான் சாத்தும், கோபத்தில் அது ஒரு இம்சை. இருபத்து நான்காம் தேதி கையெழுத்துப் போட்டே தீருவேன்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் இந்த முறை யாரும் இல்லாத இடத்தில் சொன்னார். அதையும் எழுதி வைக்கிறேன், நியாயம் நியாயம்தானே.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது. கோர்ட்டுக்கு எந்தப் புடவை என்று அக்கா கேட்கிறாள். முகூர்த்தத்துக்குக் கேட்பதைப் போலவே கேட்டாள்.

தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருக்கிறது. ஜட்ஜ் சொன்னால்கூடப் போதும். நானாகச் சொல்ல மாட்டேன். அவர் எதையுமே சொல்ல மாட்டார். அடுத்த வாரம் இந்நேரம் கூடாரம் ஒரு வீட்டிலும் புரொஜெக்டர் ஒரு வீட்டிலும் இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 19

வக்கீல் ரங்கநாயகி மேடத்திடமிருந்து மதியம் போன்.

"உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு வந்திருந்தார்மா. இருபத்து நாலாம் தேதி வர முடியாதாம். அன்னைக்கு உங்களுக்கு ஷோ இருக்காம். வாய்தா கேட்கச் சொல்றார். அப்படி ஏதாவது இருக்கா?"

பள்ளிகளிடம் தேதி வாங்குவது, மாற்றுவது, ஞாபகப்படுத்துவது எல்லாம் நான்தான். ஆரம்பத்திலிருந்தே நான்தான். அவருக்கு எந்த ஊர் என்பதே வண்டியில் ஏறிய பிறகுதான் தெரியும். இருபத்து நான்காம் தேதி கோர்ட் என்பதால் அந்த வாரத்தில் ஒரு ஷோவும் எடுக்கவில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர். சால்வை போர்த்தும்போதுகூட ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர், கறுப்புக் கோட்டுப் போட்டவர் முன்னால் போய் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார்.

"கோகிலவாணி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க மேடம். ஆமாங்க, ஷோ இருக்குதுங்க."

"எந்த ஊர்ல?"

"சத்தியமங்கலமுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். "அவர் பெருந்துறைன்னு சொன்னாரே."

"ரெண்டு ஷோங்க மேடம். காலைல பெருந்துறை, மத்தியானம் சத்தியமங்கலம்."

மேடம், மனு கொடுத்த நாளிலிருந்து மொத்தம் பதினெட்டு மாதம் வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதற்குள் இன்னும் எத்தனை ஷோ வந்தாலும் தனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்பக் கறாரான குரலில் சொன்னார். போனை வைக்கும்போது சிரித்தார் என்று நினைக்கிறேன்.

உடனே மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டேன்.

"இருபத்து நாலாம் தேதி நமக்கு ரெண்டு ஷோங்க" என்றேன்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

"ரெண்டா?" என்றார்.

"ஆமா. பெருந்துறையும் சத்தியமங்கலமும். ரெண்டு ஊர்லயும் ஸ்கூல் இனிமேத்தான் புடிக்கோணும்."

"செரி" என்றார். "பெருந்துறையை நான் பாத்துக்கறேன். நீ சத்தியைப் பாரு."